முடியாத பெரியவியள வீட்ல வச்சு பாக்க எவ்வளவு ஆள் வேணும், எவ்வளவு நேரம் வேணும்: அடிக்கடி கேக்குத கேள்விகள்

பாளையங்கோட்டையில இருந்து எழுதுதேன். எங்க வீட்டுக்காரரோட அம்மை, நான் அத்தைன்னு கூப்பிடுவேன், அவியளுக்கு பக்கவாதம் வந்து நாலு வருஷம் வீட்ல வச்சு பாத்தேன். அதுல இருந்து சொந்தத்துல யாரு விழுந்தாலும், யாரு டிஸ்சார்ஜ் ஆகி வந்தாலும் எனக்குத்தான் போன் வருது, அதே கேள்வி, அதே பதில், வாய் வலிக்கு. அதனால எழுதி வச்சுட்டேன், இனிமே அனுப்பி விட்டுருவேன். நான் நர்ஸ் கிடையாது, மருந்து மாத்திரை எவ்வளவுங்கறத உங்க டாக்டர்ட்டயே கேளுங்க.

அம்மைக்கு வயசு 78. நடக்காவ, நல்லா சாப்பிடுதாவ. ஆள் வேணுமா வேண்டாமான்னு எப்படி தெரிஞ்சுக்கிடது?

வயச வச்சு சொல்ல முடியாது. 90 தாண்டியும் குறுக்குத்துறையில ஆத்துல முங்கி குளிச்சுட்டு ஈரத்துணியோட வாரவரும் இருக்காரு, 60ல கட்டில விட்டு எந்திரிக்க முடியாதவரும் இருக்காரு. முதல்ல பாக்க வேண்டியது ஆறு விஷயம்: குளிக்கது, உடுத்துதது, கக்கூஸ் போய் கழுவிட்டு வாரது, கட்டில்ல இருந்து எந்திரிச்சு சேர்ல உக்காருதது, ஒண்ணுக்கும் வெளிக்கியும் அடக்க முடியுதது, சாப்பாட்ட எடுத்து வாயில வைக்கது. சிட்னி காட்ஸ்னு ஒரு அமெரிக்க டாக்டர் 1963ல இத ஒரு அளவா போட்டு குடுத்தாரு, தானா செஞ்சா 1, இன்னொருத்தர் கை வேணும்னா 0. மொத்தம் 6 வந்தா இந்த ஆறுக்கு ஆள் வேண்டாம், 4னா நடுத்தரம், சிலதுக்கு ஆள் வேணும், 2ம் அதுக்கு கீழயும்னா ஆள் இல்லாம ஒரு நாள் கூட ஓடாது.

இதுல ஒரு வரிசை இருக்கு, பொதுவா முதல்ல கைய விட்டு போறது குளியல், கடைசில போறது சாப்பாடு. அதனால "நல்லா சாப்பிடுதாவ"ன்னு நீங்க சொல்லுததுல இருந்து எனக்கு ஒண்ணும் தெரியல. குளிக்காவளான்னு பாருங்க. "சளி புடிக்கும், நாளைக்கு குளிக்கேன்"னு வாரத்துல நாலு நாள் சொன்னாவன்னா அது சளி இல்ல, வழுக்கிருமோன்னு பயம்.

அந்த ஆறும் சரியாத்தான் இருக்கு. ஆனா ஏதோ சரியில்லன்னு மனசுக்கு படுது.

உங்க மனசு சரியாத்தான் சொல்லும். அந்த ஆறு போறதுக்கு முன்னாடியே வேற ஒரு எட்டு போகும்: போன் பேசுதது, கடைக்கு போறது, சமைக்கது, வீட்ட ஒதுங்க வைக்கது, துணி துவைக்கது, பஸ் ஆட்டோ ஏறி போய் வாரது, மாத்திரைய நேரத்துக்கு போடுதது, காசு கணக்கு. லாட்டன், பிராடின்னு ரெண்டு பேரு 1969ல எழுதினது. நம்ம ஊருக்கு கேஸ் புக் பண்ணுதது, கரண்டு பில்லு, பென்ஷன் எடுக்க பேங்குக்கு போறது, இதையும் சேத்துக்கிடலாம்.

எங்க அத்தைக்கு வாதம் வாரதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, மறுவீட்டு விருந்துக்கு சொதி வச்சாவ. அம்பது வருஷமா வச்ச கை. மூணாம் பால்ல காய வேகவச்சு, ரெண்டாம் பால ஊத்தி, கடைசில முதல் பால ஊத்தி லேசா சூடானதும் இறக்கணும்லா, அன்னைக்கு முதல் பால மொதல்லயே ஊத்தி கொதிக்க விட்டுட்டாவ, சட்டியில பால் திரிஞ்சு எண்ணெய் தனியா தண்ணி தனியா நிக்கி, அவிய கரண்டிய கையில வச்சுக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு நின்னாவ. தேங்கா சரியில்லன்னு சொல்லி சமாளிச்சுட்டாவ, நாங்களும் நம்பிட்டோம். இந்த மாதிரி ஒண்ணு நடந்தா மாத்திரை அட்டைய எடுத்து எண்ணிப் பாருங்க. மாசம் 30 போகணும்னா 30 போயிருக்கா, 19 போயிருக்கா?

டாக்டர்ட்ட கூட்டிட்டு போனா எல்லாம் நானே செய்வேன்னு சொல்லிருதாவ. நாங்க பொய் சொல்லுத மாதிரி ஆயிருது.

எல்லா வீட்லயும் இதான். வெளியாளு வந்தா முதுகு நிமிந்துரும், பேச்சு தெளிவாயிரும், மகன் சென்னையில இருந்து வந்த அன்னைக்கு வாக்கர் இல்லாமயே முன்பக்கத் தார்சா வரைக்கும் நடந்து காட்டுவாவ, அவன் ஊருக்கு போன மறுநாள் எந்திரிக்க மாட்டாவ. ஏமாத்துதாவன்னு நினைக்காதீங்க, மானம்.

பிசியோ தெரபிஸ்டுங்க பார்த்தெல் இண்டெக்ஸ்னு ஒண்ணு போடுவாங்க, 1965ல வந்தது, 10 விஷயம், மொத்தம் 100 மார்க்கு, நடக்கது படி ஏறுதது கூட அதுல உண்டு. அத போடுததுல ஒரு விதி இருக்கு, "செய்ய முடியுமா"ன்னு கேக்கக்கூடாது, "செய்யுதாவளா"ன்னு பாக்கணும். இன்னொண்ணு, 100க்கு 100 வாங்கினாலும் அவரு தனியா குடியிருக்கலாம்னு அர்த்தம் இல்லன்னு அத எழுதினவங்களே அன்னைக்கே சொல்லிட்டாங்க, ஏன்னா சமையலும் கணக்கும் அதுல கிடையாது. முந்தின கேள்வியில சொன்ன எட்டு இல்லாம இந்த மார்க்க மட்டும் பாத்து முடிவு பண்ணிராதீங்க.

டாக்டர்ட்ட வாய் பேச்ச விட்டுட்டு, எழுதி வச்ச நோட்ட நீட்டுங்க.

என்ன நோட்டு? அதுல என்ன எழுதணும்?

பத்து ரூவா நோட்டுப் புக்கு, ஏழு நாள் எழுதுங்க. எவ்வளவு உதவின்னு மூணு அளவு வச்சுக்கிடுங்க: வாயால சொன்னா போதும், கை குடுக்கணும், முழுசா நாமதான். எங்க நோட்டுல ஒரு நாள் இப்படி இருக்கு:

"காலைல 5.40 எந்திரிச்சாவ, கட்டில் கம்பிய புடிச்சு தானா உக்காந்தாவ, நிக்க கை குடுத்தேன். 5.50 கக்கூஸ், கழுவுனது முழுசா நான். 8.15 இட்லி 3, தானா, இடது கையால, சட்னி பூரா சேலையில. 11.00 நான் துணி காயப்போட போன பத்து நிமிஷத்துல புறவாசல் படி வரைக்கும் போயிட்டாவ. ராத்திரி 1.10, 2.45, 4.00 கூப்பிட்டாவ, ரெண்டு தடவ ஒண்ணுக்கு, ஒரு தடவ சும்மா."

இதுல எனக்கு வழி காட்டினது அந்த 11 மணி வரியும் ராத்திரி வரியும்தான். வேலைன்னு பாத்தா ஒரு நாளைக்கு மூணு மணி நேரம் கூட வராது, ஆனா பத்து நிமிஷம் தனியா விட முடியல, ராத்திரி மூணு தடவ எந்திரிக்கணும். வேலை நேரம் வேற, கண்ணு வச்சிருக்க நேரம் வேற. ஆள் தேடும்போது எல்லாரும் முதல் கணக்க மட்டும் போட்டு "ரெண்டு மணி நேரம் வந்துட்டு போனா போதும்"ங்காங்க, அங்ஙனதான் தப்பு.

வாதம் வந்து இப்பத்தான் ஆஸ்பத்திரில இருந்து வந்திருக்காவ. இப்பவே எல்லாத்துக்கும் ஆள் வச்சா அதுக்கே பழகிருவாவன்னு சொல்லுதாங்களே?

பாதி சரி. வாதத்துக்கு பிறவு கை காலு திரும்பி வாரது பெரும்பாலும் முதல் மூணு மாசத்துலதான் வேகமா இருக்கும், அந்த நேரத்துல நீங்களே ஊட்டி, நீங்களே உடுத்தி விட்டா வர வேண்டியதும் வராம போகும். சட்டை போட பதினஞ்சு நிமிஷம் ஆகட்டும், விளங்காத கைய முதல்ல நுழைச்சு, நல்ல கைய அப்புறம் நுழைக்க சொல்லுங்க, கழட்டும்போது நல்ல கை முதல்ல. பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே கீரை ஆயுங்க, கைய மட்டும் நீட்டாதீங்க.

ஆனா நடக்கும்போது, குளிக்கும்போது, தண்ணி குடிக்கும்போது பழகட்டும்னு விட்டுராதீங்க. விளங்காத பக்கம் நின்னு நடத்தணும், அந்தப் பக்கந்தான் சாய்வாவ. தண்ணி குடிக்கையில இருமல் வந்தாலோ குரல் கொளகொளன்னு ஆனாலோ டாக்டர்ட்ட சொல்லுங்க, அது நுரையீரலுக்கு போகுதுன்னு அர்த்தமா இருக்கலாம். மார்க்க ஒருக்க போட்டு விட்டுரக்கூடாது, ரெண்டு வாரத்துல ஒருக்க, பிறவு மாசாமாசம், நடுவுல விழுந்தாலோ காய்ச்சல் வந்தாலோ திரும்ப முதல்ல இருந்து.

பகலுக்கு மட்டும் ஆள் போதுமா, 24 மணி நேரமும் வேணுமா? ஒரு ஆளா ரெண்டு ஆளா?

நோட்ட பாத்து மூணு கேள்வி கேளுங்க. எவ்வளவு நேரம் தனியா விடலாம்? ராத்திரி எத்தன தடவ எந்திரிக்கணும்? கட்டில்ல இருந்து சேருக்கு மாத்த ஒரு ஆள் போதுமா?

ராத்திரி ஒரு தடவன்னா சமாளிச்சுரலாம். ரெண்டு மூணு தடவன்னா அந்த ஆளே பகலும் பாக்க முடியாது, அது யாரா இருந்தாலும், சம்பளத்துக்கு வாரவியளா இருந்தாலும் மருமகளா இருந்தாலும். 24 மணி நேர ஆள்னு ஏஜென்சி சொல்லுதது வீட்லயே தங்குத ஆள், தூங்காத ஆள்னு நினைச்சுறாதீங்க. அப்புறம் எடை. எங்க மாமா 80 கிலோ, அவியள ஒத்தையில தூக்கி எனக்கு குறுக்கு புடிச்சு ஒரு மாசம் நானே படுத்துட்டேன், பாக்குத ஆளுக்கே ஆள் வைக்க வேண்டியதா போச்சு. அக்குள்ல கைய குடுத்து தூக்காதீங்க, தோள் இறங்கிரும். பெல்ட் ஒண்ணு உண்டு, இடுப்புல கட்டி புடிக்கது, பிசியோட்ட கேளுங்க, பழக்கி விடுவாங்க.

ஹோம் நர்ஸ் வைக்கணுமா, அட்டெண்டர் போதுமா? வீட்டு வேலைக்கு வார அக்காவே பாத்துக்கிடுதேன்னு சொல்லுதா.

மூக்கு ட்யூப், மூத்திர ட்யூப், புண்ணுக்கு டிரெஸ்ஸிங், இன்சுலின், சளி உறியுதது, இதுல ஏதாவது இருந்தா படிச்சு பழகின ஆள் வேணும். மத்தபடி குளிப்பாட்ட, ஊட்ட, நடத்த, பக்கத்துல இருக்க நல்ல அட்டெண்டர் போதும், வேலைக்கு வார அக்காவும் போதும், ஆனா அவளுக்கு சொல்லிக் குடுக்கணும், அத தனி வேலையா நினைச்சு தனி சம்பளமும் குடுக்கணும்.

எங்களுக்கு ஒரு ஏஜென்சி நர்ஸுன்னு சொல்லி ஒரு பிள்ளைய அனுப்பினாங்க, நல்ல பிள்ளை, பாவம், மூக்கு ட்யூப்ப அது அன்னைக்குத்தான் மொத தடவயா பாக்கு. படுக்கப்போட்டே பால ஊத்த போச்சு, நான் அடுப்படியில இருந்து ஓடி வந்து தடுத்தேன். ட்யூப்ல குடுக்கும்போது தலைமாட்ட உசத்தணும், குடுத்து முடிச்சும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்கணும். அதுல இருந்து யாரு வந்தாலும் முதல் நாளே "இத செஞ்சு காட்டும்மா"ன்னு கேட்டுருவேன், கோவப்பட்டா படட்டும். துணி துவைக்கது யாரு, ஞாயித்துக்கிழமை லீவா, சாப்பாடு எங்க, படுக்க இடம் எங்க, எல்லாத்தையும் மொதல்லயே பேசி எழுதி வச்சுக்கிடுங்க.

படுத்த படுக்கையா இருக்காவ. ரெண்டு மணிக்கு ஒருக்க திருப்பணுமாமே, ஏர் பெட் வாங்கிட்டா வேண்டாம்லா?

வேணும். ஏர் பெட் நல்லதுதான், அதுக்காக திருப்பாம விட முடியாது. பொதுவா ரெண்டு மணிக்கு ஒருக்கன்னா ஒரு நாளைக்கு 12 தடவ, அதுல நாலு தடவ ராத்திரி, இந்த நாலையும் மேல சொன்ன ராத்திரி கணக்குல சேருங்க. முழுசா ஒருக்களிச்சு படுக்க வைக்காம முதுகுக்கு தலகாணி குடுத்து லேசா சாச்சு வைங்க. குதிங்காலு மெத்தையில படாம கெண்டைக்காலுக்கு அடியில தலகாணி.

குளிப்பாட்டும்போது பிட்டத்துக்கு மேல, இடுப்பு எலும்பு, குதிங்காலு, முழங்கை, பின்மண்டை, எல்லாத்தையும் பாருங்க. சிவப்பா இருந்தா வெரலால அமுக்கி எடுங்க, வெளுத்துட்டு திரும்ப சிவந்தா தப்பிச்சீங்க, அமுக்கியும் வெளுக்கலன்னா புண்ணு ஆரம்பிச்சாச்சு. கருத்த தோல்ல சிவப்பு தெரியாது, தொட்டுப் பாருங்க, சுத்தி இருக்கத விட சூடாவோ கெட்டியாவோ இருக்கும். அந்த இடத்த தேய்ச்சு விடாதீங்க. நடுவுல ஓட்டை உள்ள ரப்பர் வளையம் வேண்டவே வேண்டாம், சுத்தி அமுக்கி ரத்தம் போகாம ஆக்கிரும்.

டயப்பர் போட்டுட்டா பிரச்சன முடிஞ்சுல்லா?

முதல்ல அடக்க முடியலையா, இல்ல போய் சேர முடியலையான்னு பாருங்க. நம்ம பழைய வீட்ல கக்கூஸு புறவாசல்ல, அரங்குல இருந்து ரெண்டு படி இறங்கி, அடுப்படி தாண்டி, முத்தத்துல நடந்து போகணும், முழங்கால் வலிக்காரவிய அதுக்குள்ள விட்டுருவாவ. கட்டிலுக்கு பக்கத்துல ஒரு கமோடு சேர் போட்டா அந்த 0 திரும்ப 1 ஆயிரும், நான் மூணு வீட்ல பாத்திருக்கேன். இன்னொண்ணு, ராத்திரி எந்திரிக்கணுமேன்னு தண்ணி குடிக்கதையே நிறுத்திருவாவ, அதுல மலச்சிக்கல், ஒண்ணுக்கு போற இடத்துல கிருமி, அடுத்த கேள்விக்கு அதுவே காரணமாயிரும்.

நேத்து வரைக்கும் நல்லா இருந்தாவ. இன்னைக்கு ஆளே தெரியல, செத்துப் போன அவிய அம்மைய கூப்பிடுதாவ. மறதி நோயா? கோட்டி புடிச்சிருச்சா?

மறதி நோய் ஒரு ராத்திரியில வராது. திடீர்னு வந்தா உடம்புல ஏதோ இருக்கு: ஒண்ணுக்குல கிருமி, நெஞ்சுல சளி, சோடியம் குறைஞ்சிருக்கும், சுகர் இறங்கிருக்கும், புதுசா குடுத்த மாத்திரை, வெளிக்கி நாலு நாள் போகாம இருக்கது கூட. அன்னைக்கே டாக்டர்ட்ட காட்டுங்க, மந்திரிக்க அப்புறம் போகலாம். இந்த வாரத்துல மார்க்கு போட்டு "இனிமே இப்படித்தான்"னு முடிவு எடுக்காதீங்க, சரியானா பழையபடி வருவாவ.

வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியலன்னாலோ, பேச்சு குழறினாலோ அது வாதம், 108க்கு போட்டுருங்க. ரத்தக்கட்டிய கரைக்க ஊசிக்கு பொதுவா நாலரை மணி நேரத்துக்குள்ள போய் சேரணும், அதனால எப்ப கடைசியா நல்லா இருந்தாவன்னு மணிய பாத்து சொல்லணும். விடியட்டும்னு உக்காந்திருக்காதீங்க.

வீட்டுக்கே வந்து பாக்க கவர்மெண்டுல வழி இருக்கா? 70 வயசுக்கு மேல 5 லட்சம் இன்சூரன்ஸ் இருக்கே, அதுல ஆள் சம்பளம் வருமா?

2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் இருக்கு, பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை வீட்டுக்கு வரும், படுத்த படுக்கையா உள்ளவியளுக்கு பிசியோவும் நர்ஸும் வீட்டுக்கு வந்து பாப்பாங்க. உங்க பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர குடுங்க. ஆனா கூட இருந்து பாக்க ஆள் குடுக்க மாட்டாங்க. வாதத்துல கை கால் விளங்காம போனவியளுக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழும் எடுத்து வைங்க, 2016 சட்டப்படி 40 சதவீதம் இருந்தாத்தான் பெரும்பாலான சலுகை.

இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரில படுத்தா செலவுக்கு. வீட்ல ஆள் வைக்க ஒரு பைசா வராது.

எங்க அப்பா ஆளே வேண்டாம்னு ஒத்தக்கால்ல நிக்காவ.

அவியட்ட கேட்டீங்களா, இல்ல முடிவு பண்ணிட்டு சொன்னீங்களா? பொதுவா ஆம்பளையளுக்கு குளிப்பாட்ட பொம்பள வாரதுதான் கூச்சம், ஆம்பள அட்டெண்டர் வச்சா பாதி சண்ட தீந்துரும். எங்க மாமாவுக்கு சாரம் (லுங்கி) அவிழுததுதான் பிரச்சனையே, ஒரு கையால கட்ட முடியாது, அத வெளிய சொல்லவும் முடியாது, எலாஸ்டிக் வச்சு தச்சு குடுத்தோம், அன்னைல இருந்து ஆள் வந்தாலும் ஒண்ணும் சொல்லல. முதல்ல "பேப்பர் படிச்சு காட்ட, கடைக்கு போக ஒரு பையன்"னு கொண்டு வாங்க, குளியல் பிறவு பாத்துக்கிடலாம். புத்தி தெளிவா இருக்கவிய வேண்டாம்னா அத கொஞ்சம் மதிக்கவும் செய்யணும்.

நாங்க பெங்களூர்ல இருக்கோம். அம்மைய தம்பி பொண்டாட்டி பாக்கா. பணம் அனுப்புதோம். ஆனா அவ எப்ப பாத்தாலும் முடியல முடியலன்னு புலம்புதா, அவ்வளவு கஷ்டமா?

இந்த கேள்விய எனக்கு கேட்டவங்க எல்லாருமே ஊருக்கு வெளிய இருக்கவங்கதான். அம்மைக்கு மார்க்கு போடுதியள்லா, அவளுக்கும் போடணும். பாக்குதவிய சுமைய அளக்கவும் ஜாரிட்னு ஒருத்தரு கேள்வித்தாள் போட்டிருக்காரு, 22 கேள்வி, உங்க உடம்பு கெட்டுப் போச்சா, உங்களுக்குன்னு நேரம் உண்டா, எரிச்சல் வருதா, இந்த மாதிரி. அவ எத்தன நாளா தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்கலன்னு கேளுங்க. அவ அம்மை வீட்டுக்கு கடைசியா எப்ப போனான்னு கேளுங்க.

நான் சொல்லுத வழி ஒண்ணுதான்: ஒரு வாரம் லீவு போட்டு வாங்க, அவள அவ அம்மை வீட்டுக்கு அனுப்பி விட்டுட்டு நீங்களே பாருங்க, ராத்திரியும் சேத்து, நோட்டும் நீங்களே எழுதுங்க. ரெண்டாம் நாள்லயே எனக்கு போன் வரும், வந்திருக்கு. மூணாம் நாள்ல இருந்து உங்க அம்மை உங்களயே ஏச ஆரம்பிப்பாவ, அப்ப தெரியும். வர முடியலன்னா பணத்துக்கு மேல, வாரத்துல ஒரு நாள் முழுசா அவளுக்கு லீவு கிடைக்க ஒரு ஆளுக்கு ஏற்பாடு பண்ணுங்க. மதினி, நீங்கதான் தெய்வம்னு வாட்ஸப்ல போடுதத நிறுத்திருங்க, அது அவளுக்கு கூடுதல் எரிச்சல்.

சொத்த எழுதி வாங்கிட்டு இப்ப பாக்க மாட்டேங்கான். கேக்க வழி உண்டா?

உண்டு. 2007ல வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு சட்டம். ஆர்டிஓ ஆபீஸ்ல, லைசென்ஸ் எடுக்குத ஆபீஸ் இல்ல, வருவாய் கோட்டாட்சியர் ஆபீஸ், அங்க மனு குடுக்கணும், நம்ம மாவட்டத்துல திருநெல்வேலியிலயும் சேரன்மகாதேவியிலயும் இருக்கு. மாசம் 10,000 ரூவா வரைக்கும் குடுக்க சொல்லி உத்தரவு போடலாம். பாத்துக்கிடணும்னு நிபந்தனையில எழுதிக் குடுத்த சொத்துன்னா 23ஆம் பிரிவுல அந்த பத்திரத்தயே ரத்து பண்ண கேக்கலாம், அதனால இனிமே எழுதுதவிய அந்த நிபந்தனைய பத்திரத்துலயே போடச் சொல்லுங்க. என்ன பண்ணணும்னு தெரியலன்னா 14567க்கு போன் பண்ணுங்க, முதியோருக்கான இலவச உதவி எண். மனு குடுக்கும்போது நோட்டும் மருந்து சீட்டும் இருந்தா எவ்வளவு செலவாகுதுன்னு காட்ட கைகுடுக்கும்.

எல்லா கணக்கும் போட்டாச்சு. வீட்ல முடியாதுன்னு தெரியுது. ஹோம்ல விட்டா ஊரு என்ன சொல்லும்?

சொல்லத்தான் செய்யும். ரெண்டு பேரு வேலைக்கு போற வீட்ல, அந்த ஆறுக்கு 2 மார்க்குல இருக்கவியள, ராத்திரி நாலு தடவ திருப்ப ஆள் இல்லாம வச்சிருந்து புண்ணு வந்தாலும் அதே ஊரு அதையும் சொல்லும்.

இடம் பாக்க போனா சொல்லாம போங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல போங்க, பகல்ல எல்லா இடமும் பளிச்சுனுதான் இருக்கும். வாசல்லயே மூத்திர வாடை வருதான்னு பாருங்க. ராத்திரி எத்தன பேருக்கு எத்தன ஆள், யாரு திருப்புவாங்க, விழுந்தா யாருக்கு முதல்ல போன் வரும்னு கேளுங்க. அங்க இருக்க ஒரு ஆச்சிட்ட தனியா அஞ்சு நிமிஷம் பேசுங்க. சேத்து விடும்போது நோட்ட குடுத்து விட மறந்துராதீங்க, எந்தப் பக்கம் சாஞ்சு படுத்தா தூக்கம் வரும், காப்பிக்கு கருப்பட்டியா சீனியா, ராத்திரி எந்த மணிக்கு கூப்பிடுவாவன்னு அதுலதான இருக்கு.